துணைத் தலைவர் காளியம்மாளின் கையெழுத்து

செய்தி வந்தபோது மணி ஐந்தே முக்கால். ஆலங்கரை கீழத்தெருக் குழாயடியில் இருபது குடங்களுக்கு மேல் வரிசையில் நின்றன. குழாயில் காற்றுதான் வந்தது. ஊராட்சித் தொட்டியைத் திறந்துவிடுகிறவர் ஐயாவு. ஐந்து மணிக்கு வால்வைத் திருப்பிவிட்டு, ஐந்தே காலுக்கு டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். அன்று அவரைக் காணோம். பெண்கள் அவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டிருந்தார்கள்.

"என்னா காளியக்கா, ஒங்க அண்ணனுக்கு இன்னும் விடியலியா?"

"பஞ்சாயத்து சம்பளம், பொண்டாட்டி சமையலு. அவருக்கு எதுக்குடி விடியணும்?"

"துணைத் தலைவரோட அண்ணன்டி. நாம போயி எழுப்புனா நம்ம மேல கேசு போட்டுருவாங்க."

சிரிப்பு எழுந்தது. காளியம்மாளும் சேர்ந்துகொண்டாள். "வரட்டும் இன்னைக்கு. அந்த ஓட்டை டி.வி.எஸ்ஸப் புடுங்கி வாய்க்கால்ல தள்ளுறேன்" என்றாள். உடன்பிறந்த அண்ணனைப் பற்றி அவள், உயிரோடு இருக்கிறவரென்று நினைத்துச் சொன்ன கடைசி வார்த்தை அது. சொன்னபோது ஐயாவு செத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

பால் கேன் ஏற்றிப் போகும் அண்ணாதுரை வண்டியை அணைக்காமலே காலை ஊன்றினான். "காளியக்கா, நீ வா."

"என்னாடா?"

"புதுரோட்டுல, மதகுகிட்ட. நெல்லு மேல வண்டி ஏறிடுச்சு. கல்லுல தலை." அவன் அதற்கு மேல் சொல்லவில்லை. குடத்தைப் பிடித்திருந்த பெண்கள் பிடித்தபடியே நின்றார்கள்.

தஞ்சாவூருக்குத் தெற்கே, முத்துப்பேட்டைக்குப் போகும் வழியில் இருக்கிறது ஆலங்கரை. குறுவை அறுப்பு நேரத்தில் ஊருக்கே களம் அந்தப் புதுச்சாலைதான். இயந்திரம் அறுத்துக் கொட்டும் நெல்லில் ஈரம் இருக்கும். கொள்முதல் நிலையத்தில் ஒரு பிடி அள்ளிக் கருவியில் போட்டுப் பார்ப்பார்கள். ஈரம் பதினேழு சதவீதத்துக்கு மேல் போனால் மூட்டையைத் தொட மாட்டார்கள். அதனால் பகலெல்லாம் சாலையின் ஒரு பாதியில் நெல்லைப் பரப்பிக் காலால் துழாவிக்கொண்டே நடப்பார்கள். பொழுது சாய்ந்ததும் கூட்டிக் குவித்துக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, பாய் பறக்காமலும் நெல்லின் மேல் வண்டி ஏறாமலும் இருக்கச் சுற்றிலும் பெரிய பெரிய கல்லாக வைப்பார்கள். இருட்டில் சாலையும் கறுப்பு, பாயும் கறுப்பு. வருஷத்துக்கு நாலு பேராவது கையை உடைத்துக்கொள்வார்கள். கட்டுப் போட்டு வந்ததும், தங்கள் நெல்லுக்கும் அதே மாதிரி கல் வைப்பார்கள்.

காளியம்மாள் போனபோது ஐயாவு ஒருக்களித்துக் கிடந்தார். டி.வி.எஸ் மதகுச் சுவரில் சாய்ந்து, முன்சக்கரம் வானத்தைப் பார்த்து நின்றது. அவள் அவருடைய கைலியைச் சரிசெய்தாள். தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். அழுகை வரவில்லை. ஊர் ஓடிவரும் காலடிச் சத்தம் கேட்டது. மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒன்றாக ஓடி வந்தன. அண்ணனுக்காகத்தான் வருகிறார்கள் என்று நினைத்தாள்.

அவர்கள் நெல்லுக்காக வந்தார்கள்.

"சீக்கிரம் அள்ளுங்கடா, போலீஸ் வர்றதுக்குள்ள!" தார்ப்பாயை நாலு முனையிலும் பிடித்து இழுத்தார்கள். டிராக்டர் வந்தது. மூட்டை கட்ட நேரமில்லாமல் நெல்லை அப்படியே டிராக்டர் பெட்டிக்குள் வாரிப் போட்டார்கள். கல்லையெல்லாம் தூக்கி வாய்க்காலில் எறிந்தார்கள். அரை மணி நேரம் தண்ணீரில் கல் விழுந்துகொண்டே இருந்தது. யாரோ ஒருவன் அவளைத் தாண்டிப் போகும்போது, "கொஞ்சம் நகந்து ஒக்காருங்கக்கா, பாயி மாட்டிக்கிச்சு" என்றான். அவள் நகர்ந்து உட்கார்ந்தாள். ஐயாவு விழுந்த இடத்திலிருந்த கல்லையும் ஒருவன் எடுத்துப் போனான். அதில் ஒட்டியிருந்ததை அவன் வேட்டியில் துடைத்ததை அவள் பார்த்தாள்.

அவளுடைய நெல்லும் அந்தச் சாலையில் கிடந்தது. ஒரு ஏக்கர் குத்தகை நிலத்து நெல். மதகிலிருந்து முந்நூறு அடி கிழக்கே, வரிசையின் கடைசி. ஐயாவு அதுவரைக்கும் வந்து சேரவே இல்லை. மடியில் அண்ணனை வைத்துக்கொண்டு அவள் எப்படி எழுந்து போவாள்? அவளுக்காக யாரும் எடுக்கவும் இல்லை. ஏழரை மணிக்குப் போலீஸ் வந்தபோது அரை மைல் நீளச் சாலை கழுவிவிட்டது போல் இருந்தது. ஒரே ஒரு குவியலும் அதைச் சுற்றிப் பதினோரு கல்லும் மட்டும் இருந்தன. ஏட்டு அதைத்தான் போட்டோ எடுத்தார்.

"எங்க ஊர்ல ரோட்டுல நெல்லு போடுற பழக்கமே இல்லீங்க" என்று பதினாறு பேர் எழுதிக் கொடுத்தார்கள். "கடைசில கெடக்கறது மட்டும் துணைத் தலைவரம்மாவோடது. சொன்னாக் கேக்க மாட்டாங்க." வண்டி எப்படிச் சாய்ந்தது என்று கேட்டதற்கு, "அவருக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டுங்க" என்றும் எழுதினார்கள். ஐயாவு வாழ்நாளில் குடித்தது ஒரே ஒரு தடவை, அவருடைய கல்யாணத்துக்கு முதல் நாள். மாப்பிள்ளை வேட்டியிலேயே வாந்தி எடுத்து மாமனாரிடம் அசிங்கப்பட்டதில், அப்புறம் சோடாவைக்கூட மோந்து பார்த்துத்தான் குடிப்பார்.

காளியம்மாளுக்கு அப்போது வயது ஐம்பத்து மூன்று. அப்பா பண்ணையாளாக இருந்தவர். அவளைக் கட்டிக்கொடுத்தது திருவையாறு பக்கம். புருஷன் லாரியில் கிளீனராகப் போனவன், திரும்பி வரவில்லை. செத்தானா, வேறு குடும்பம் வைத்துக்கொண்டானா என்று தெரியாமலே நாலு வருஷம் காத்திருந்தாள். பிறகு மகள் சுடர்விழியைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். அறிவொளி இயக்க வகுப்பு நடந்த காலத்தில் அண்ணனும் தங்கையும் ஒன்றாகத்தான் போனார்கள். ஐயாவு 'ஓ' வரைக்கும் போய், "இதுக்கு மேல எனக்கு எதுக்கு?" என்று நின்றுகொண்டார். அவள் முழுதாகக் கற்றாள். அவளுக்குப் பிடித்தது படிப்பல்ல, கையெழுத்து. கட்டைவிரலில் மை தடவிக் காகிதத்தில் அழுத்துகிறவர்களை மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

நடவுக்கு முப்பது பெண்களைச் சேர்த்துக் கூட்டிப் போகிறவள் அவள்தான். கூலி பேசுவதும் அவள். ஒத்துக்கொண்ட கூலியில் பத்து ரூபாய் குறைந்தால், முப்பது பேரையும் வரப்பிலேயே உட்கார வைத்துவிடுவாள். நாற்று வெயிலில் வாடும். அந்தக் கூலியில்தான் மகளை நர்ஸ் படிப்பு படிக்க வைத்தாள். மேலத்தெருவில் அவளைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவர்கள் கிடையாது. அவளும் அதை எதிர்பார்த்ததில்லை.

இரண்டாயிரத்து இருபதில் மூன்றாவது வார்டில் நின்று பத்தொன்பது ஓட்டில் ஜெயித்தாள். துணைத் தலைவர் பதவிக்கு மேலத்தெருவில் இரண்டு பேர் மோதினார்கள். ஒருவனுக்குக் கிடைப்பதை மற்றவனால் தாங்க முடியாது. கடைசியில் இருவரும் சேர்ந்து காளியம்மாளைப் போட்டார்கள். "கையெழுத்து மட்டும் போடுற வேலைதானே, கெழவி போட்டுட்டுப் போவுது" என்று ஊராட்சித் தலைவர் மதிவாணன் சொன்னது அவள் காதில் விழுந்தது. ஊராட்சியின் காசோலைக்குத் தலைவர், துணைத் தலைவர் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். அந்த இரண்டாவது கையெழுத்துக்கு எவ்வளவு கனம் என்பது அவனுக்கு அப்போது தெரியவில்லை.

புறவழிச்சாலை வந்ததிலிருந்து ஆலங்கரையில் நெல்வயல் எல்லாம் மனையாகிக்கொண்டிருந்தது. பத்திரம் பதியும்போது கட்டுகிற தீர்வையில் ஒரு பங்கு ஊராட்சிக்கு வரும். வயல் குறையக் குறைய ஊராட்சியின் கணக்கில் பணம் ஏறியது. ஊராட்சி செயலர் ஷோபனா ஒரு கூட்டத்தில் செலவெல்லாம் போக உபரி முப்பத்தொரு லட்சம் என்று வாசித்தாள். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெருவிளக்குக்கு பல்பு வாங்கவே காசில்லாமல் கிடந்த ஊராட்சி அது.

உடனே ஆளுக்கொரு யோசனை வந்தது. புறவழிச்சாலைத் திருப்பத்தில் தன் அப்பா பேரில் ஒரு வளைவு கட்ட வேண்டும் என்றான் மதிவாணன். வீட்டு வரியையும் தண்ணீர் வரியையும் திருப்பிக் கொடு என்றார்கள் சிலர். மூன்று ஏக்கர் சாகுபடி செய்கிற நெய்னா முகம்மது மட்டும், "ஒரு களம் போட்டுக் குடுங்க. சிமெண்டுக் களம், மேல ஒரு கொட்டகை. நெல்லு ரோட்டுல கெடக்குது" என்று வருஷா வருஷம் கேட்டார்.

களத்தைத் தடுத்தவள் காளியம்மாள்தான். வளைவையும் அவள்தான் தடுத்தாள், ஆனால் அதை ஊர் மறந்துவிட்டது.

அவளுக்கு ஒரு காரணம் இருந்தது. கஜா புயல் அடித்தபோது ஆலங்கரையில் பதினெட்டு நாள் மின்சாரம் இல்லை. தொட்டியில் தண்ணீர் ஏற்ற ஜெனரேட்டர் வேண்டும், அதற்கு டீசல் வேண்டும். அப்போது தேர்தல் நடக்காமல் தனி அலுவலர் பொறுப்பில் இருந்த ஊராட்சியில் நானூறு ரூபாய்கூடக் கிடையாது. ஐயாவு கல்யாண லைட் போடுகிறவரிடம் காலைப் பிடிக்காத குறையாக ஜெனரேட்டர் வாங்கி வந்தார். டீசலுக்கு வீடு வீடாகப் போனார். கொடுக்காதவர்கள் கதவைச் சாத்தினார்கள். கொடுத்தவர்கள் பிச்சை போடுகிற மாதிரி போட்டார்கள். வாய்க்கால் தண்ணீரைக் குடித்ததில் கீழத்தெருவில் இரண்டு குழந்தைகள் வயிற்றுப்போக்கில் போய்விட்டன. அந்தக் குழந்தைகளைக் குளிப்பாட்டியவள் காளியம்மாள். கவர்மெண்டுக்கு மிச்சம் விழுந்தால் அதைப் பூட்டி வைக்க வேண்டும், அடுத்த புயலுக்கு வேண்டும் என்பது அன்றைக்கு அவளுக்குள் இறுகியது.

ஐயாவுதான் எதிர்த்துப் பேசினார். தொட்டியடியில் இரண்டு பேரும் உட்கார்ந்து சண்டை போடுவார்கள்.

"புயலு வருஷா வருஷம் வராது காளி. நெல்லு வருஷா வருஷம் வரும்."

"வந்தா? பதினெட்டு நாளும் மறுபடி நீயே தட்டேந்திக்கிட்டுப் போவியா?"

"போறேன். எனக்கு என்னா வெக்கம்? ரோட்டுல விழுந்து எவனாவது செத்தா அவன் வருவானா?"

"ஒன்னைய ஆரு இருட்டுல பறக்கச் சொன்னா? மெதுவா போ."

"எழுத்துத் தெரிஞ்ச கழுதைக்கிட்ட பேசி ஜெயிக்க முடியுமா?" என்று பீடியைப் பற்றவைத்துக்கொள்வார். அவருக்கு அதில் கோபம் கிடையாது. அந்த வாக்குவாதத்தில் மூன்று வருஷமும் அவளே ஜெயித்தாள்.

துக்க வீட்டில் அண்ணி ராஜாத்தி அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பால் தெளிக்க வந்தவர்கள் எல்லாரும் போனபிறகு வாயைத் திறந்தாள்.

"மூணு தடவ கேட்டாங்களாமே களத்துக்கு. நீ மூணு தடவயும் மாட்டேன்னியாம்."

காளியம்மாள் தலையைக் குனிந்தாள்.

"ஒங்க அண்ணன் சொன்னாரு. சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, என் தங்கச்சி பேனாவ மூடுனா கலெக்டரு வந்தாலும் தெறக்க மாட்டான்னு. பெருமை அவருக்கு." ராஜாத்தி தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள். "இப்ப யாருக்குத் தண்ணி வுடப் போற, புயல்ல?"

காளியம்மாள் எழுந்து தன் வீட்டுக்கு வந்து படுத்தாள். அண்ணி சொன்னது தப்பு என்று ஒரு வார்த்தைகூட அவளுக்குத் தோன்றவில்லை. அதே சமயம், அந்த இரண்டு குழந்தைகளைக் குளிப்பாட்டிய கையும் அவளுடையதுதான். எது பெரிது என்று எடை போட்டுப் பார்க்க அவளிடம் தராசு இல்லை. ஒன்று மட்டும் தெரிந்தது. அண்ணன் குடித்துவிட்டு விழுந்தவராகப் போகக்கூடாது. அப்படியே எழுதி மூடிவிட்டால் ராஜாத்திக்கு விபத்துக் காப்பீடும் வராது, அடுத்த குறுவைக்கு அதே இடத்தில் அதே கல்லும் வரும்.

ஐந்தாம் நாள் மதிவாணன் வந்தான். ஐயாவு வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். காலைத் தரையில் படாமல் தூக்கி வைத்தபடி உட்கார்ந்தான்.

"எஸ்.ஐ.கிட்ட பேசிட்டேன் காளியம்மா. போட்டோவுல ஒன் கல்லுதான் இருக்கு. அத ஒண்ணுமில்லாம பண்ணிக் குடுத்துர்றேன்."

"நல்லதுங்க தலைவரே."

"காந்தி ஜெயந்திக்கு கிராம சபை. நமக்கு இன்னும் மூணு மாசம்தான் இருக்கு. தேர்தல் தள்ளிப் போச்சுன்னா ஸ்பெஷல் ஆபீசர் வந்து ஒக்காந்துருவான். காசு பூரா அவன் கையில. அதுக்குள்ள வளைவத் தொடங்கிரலாம். நீ போட வேண்டியது ஒரு கையெழுத்து."

"களம்?"

"அதுவும் போடுவோம், அடுத்த வருஷம். ஐயாவு பேரையே வச்சிருவோம், கல்லுல வெட்டி." குரலைத் தாழ்த்தினான். "ஆனா ரோட்டுல நெல்லு, கல்லு, அதுல செத்தாருன்னு ஒரு வார்த்தை தீர்மானத்துல வரக்கூடாது. பதினாறு பேரு எழுதிக் குடுத்திருக்காங்க. நாளைக்கி அத்தினி பேரும் கோர்ட்டுல நிக்கணும்."

உள்ளேயிருந்து ராஜாத்தி வந்தாள். "குடிச்சிட்டு விழுந்தாருன்னு எழுதிக் குடுத்துட்டு, அவரு பேரக் கல்லுல வெட்டுறீங்களா? எந்தக் கல்லு? வாய்க்கால்ல கெடக்குதே, அதுலயா?"

மதிவாணன் எழுந்துகொண்டான். "துக்கத்துல பேசுறீங்க" என்றான். அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு ராஜாத்தி நாத்தனார் பக்கம் திரும்பினாள். "ஒன் பேரக் காப்பாத்திக்க ஆள் வந்திருக்கு. போ. போய்ப் போட்டுக் குடு."

அக்டோபர் இரண்டாம் தேதி கிராம சபை, பள்ளிக்கூட வளாகத்து வேப்பமரத்தடியில். காளியம்மாள் துக்கத்தோடு வந்ததே பலருக்குப் பிடிக்கவில்லை. "கருமாதி முடியல, அதுக்குள்ள பதவி இழுக்குது" என்று பின்வரிசையில் ஒருத்தி சொன்னாள். அவள் தலைவருக்குப் பக்கத்தில், தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். கூட்டத்தைப் பார்வையிட ஒன்றியத்திலிருந்து வந்த பற்றாளர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஷோபனா தீர்மானப் புத்தகத்தை விரித்து, உபரி நிதி முப்பத்தொரு லட்சத்தை என்ன செய்வது என்று வாசித்தாள்.

"வளைவு!" என்று நாலு பேர் கத்தினார்கள்.

"ஐமாஸ் லைட்டு போடு! வெளிச்சம் இருந்தா எவனும் விழ மாட்டான்" என்றான் ஒருவன். பக்கத்தில் இருந்தவன் அவன் தொடையைக் கிள்ளினான். விழுந்தார் என்பதே வரக்கூடாத பேச்சு.

"வரியத் திருப்பிக் குடு. எங்க காசுதானே?"

"நீ வரி கட்டி எட்டு வருஷம் ஆவுது. ஒனக்கு என்னாத்தத் திருப்பிக் குடுக்கறது? பாக்கியவா?" என்றாள் ஷோபனா, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். எல்லாரும் சிரித்தார்கள்.

களம் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று வருஷம் களம், களம் என்று தொண்டை வறளக் கேட்டவர்கள் மண்ணைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நெய்னா முகம்மது முன்வரிசையில்தான் இருந்தார். சாலையில் நெல்லே போடுவதில்லை என்று எழுதிக் கொடுத்தவர்கள், நெல் காயப்போட இடமில்லை என்று எந்த வாயால் கேட்பார்கள்?

காளியம்மாள் எழுந்தாள்.

"எழுதிக்க ஷோபனா. ஆலங்கரையில களம் இல்லாததால ஊர்க்காரங்க புதுரோட்டுல நெல்லு காயப் போட்டு, சுத்திக் கல்லு வைக்கிறாங்க. செப்டம்பர் இருபத்துநாலாம் தேதி காலைல அந்தக் கல்லுல விழுந்து தொட்டி ஆப்பரேட்டர் ஐயாவு செத்தாரு. அதனால உபரியிலேர்ந்து இருபத்து ரெண்டு லட்சத்துல களமும் கொட்டகையும் கட்டணும். மிச்சம் ஒம்பது லட்சம் புயலுக்கு. அத எவனும் தொடக்கூடாது."

கூட்டம் கொதித்தது. "இது என்னா ஞாயம்?" "அப்ப நாங்கெல்லாம் கொலைகாரங்களா?" "அவரு குடிச்சிருந்தாரும்மா!"

"எங்கண்ணன் குடிச்சத நீ பாத்தியா? எந்த கடையில? வா, இப்ப போயி கேப்போம்." சொன்னவன் உட்கார்ந்துவிட்டான்.

மதிவாணன் மைக்கை இழுத்தான். "துணைத் தலைவர் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுறாங்க. ஊர்ல ரோட்டுல நெல்லு போட்டது ஒரே ஆளு. போட்டோ இருக்கு. அது யாரோட கல்லுன்னு அவங்களே சொல்லட்டும்."

"என் கல்லுதான்" என்றாள் காளியம்மாள். "பதினோரு கல்லு. அதையும் எழுது ஷோபனா. துணைத் தலைவர் காளியம்மாள் உட்படன்னு போடு. மத்தவங்க கல்லு வாய்க்கால்ல கெடக்குது. தண்ணி வத்துனதும் எண்ணிக்கலாம்."

ஷோபனாவின் பேனா நின்றது. "அக்கா, இது எழுத்துல வந்துட்டா ஒங்க மேலதான் கேசு வரும். வேற ஆரு மேலயும் வராது."

"தெரியும். எழுது."

"இத எழுதுனா கூட்டத்தக் கலைக்கிறேன்" என்றான் மதிவாணன்.

"கலைங்க. இன்னும் மூணு மாசத்துக்குத் துப்புரவு ஆளுக்குச் சம்பளம், மோட்டாருக்குக் கரண்டு பில்லு, ஒங்க ஜீப்புக்கு டீசலு, எல்லாத்துக்கும் ரெண்டு கையெழுத்து வேணும். ஒண்ணு ஒங்களோடது." அவள் மைக்கைத் தொடவில்லை, வரப்பில் நின்று முப்பது பேரைக் கூப்பிட்ட தொண்டை அது. "முப்பத்தொரு லட்சம் மிச்சம், மிச்சம்னு மூணு வருசமா படிக்கிறோம். அது மிச்சமில்ல. செய்யாம விட்டது. வெட்டாத வாய்க்காலு, போடாத களம், எல்லாம் சேத்துக் கட்டி வச்ச மூட்டை. அதுல நானும் ஏறி ஒக்காந்திருந்தேன். என்னைய விட ஒருத்தரும் கெட்டியா ஒக்காரல. அதுக்கு என்னைய ஏசுங்க, கேட்டுக்கறேன். அதுல வளைவு கட்டணும்னா எம் பொணத்துகிட்ட வந்து ரேகை வாங்கிக்குங்க."

பற்றாளர் கடிகாரத்தை விட்டுவிட்டு நிமிர்ந்திருந்தார். "முன்மொழிஞ்சிருக்காங்க. வழிமொழிய ஒரு ஆளு வேணும். இல்லாட்டி பதிய முடியாது" என்றார்.

யாரும் எழவில்லை. கீழத்தெரு ஆட்களும் எழவில்லை. அவர்களுடைய கல்லும் வாய்க்காலில்தான் கிடந்தது. காளியம்மாள் நின்றுகொண்டே இருந்தாள். உட்காரவும் இல்லை, யாரையும் கூப்பிடவும் இல்லை. பற்றாளர் இரண்டாவது தடவை கேட்டார்.

நெய்னா முகம்மது எழுந்தார். அவருடைய நெல் கிடந்த இடம் மதகை ஒட்டித்தான். காளியம்மாள் பக்கம் திரும்பாமல் மேஜைக்கு வந்தார்.

"மூணு வருசம் கேட்டேன். அப்ப போட்டிருந்தா ஒரு உசுரு மிஞ்சியிருக்கும். இப்ப கேசையும் சேத்து வாங்கிக் குடுக்குறீங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். "நாசமாப் போன பொம்பள." பேனாவை வாங்கி வழிமொழிந்தவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மேஜையில் போட்டுவிட்டுக் கூட்டத்தை விட்டே வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு கை தூக்கியவர்கள் பாதிக்கு மேல் இருந்தார்கள். அவளுக்காக இல்லை, அடுத்த போகத்துக்குக் களம் வருமே என்றுதான். காளியம்மாள் எப்போதும் போல ஒவ்வொரு எழுத்தாக, நேரமெடுத்துக் கையெழுத்துப் போட்டாள். பற்றாளர் பார்க்கிறார் என்பதற்காக மதிவாணனும் போட்டான்.

அந்த வாரத்திலேயே போலீஸ் அவளைக் கூப்பிட்டது. தீர்மானத்தின் நகல் அவர்களிடம் இருந்தது. வழக்கு அவள் பேரில்; பதினாறு பேரின் பேரும் 'மற்றும் சிலர்' என்பதற்குள் போயிற்று. மாதத்துக்கு ஒரு தடவை அவள் பஸ் ஏறிப் போய்க் கோர்ட்டு வராந்தாவில் நின்றுவிட்டு வருகிறாள். ஐயாவு குடித்திருந்தார் என்ற வரி மட்டும் காகிதத்திலிருந்து போய்விட்டது. காப்பீட்டு மனுவை ராஜாத்தி வாங்கினாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் நாத்தனாரிடம் கேட்டாள்.

களத்துக்கு ஊரில் இடம் இருக்கிறது. கிராமப் பதிவேட்டில் 'களம் புறம்போக்கு' என்றே அறுபது சென்ட் உண்டு. முன்னோர்கள் நெல் அடித்த இடம். பல வருஷமாக அதில் மதிவாணன் வீட்டு மாடும் வைக்கோல் போரும்தான் இருக்கின்றன. அக்டோபர் கடைசியில் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. ஷோபனா குடை பிடிக்க, காளியம்மாள் சுத்தியலை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தாள். வடகிழக்கு மூலையில் ஒன்று, தென்கிழக்கில் ஒன்று, தென்மேற்கில் ஒன்று என்று முளை அடித்தார்கள். வடமேற்கு மூலை வைக்கோல் போருக்கு அடியில் இருந்தது.

"சம்பா அறுத்ததும் போரப் பிரிச்சிர்றேன், அப்புறம் அடிச்சுக்கலாம்" என்று மதிவாணன் ஆள் அனுப்பிச் சொன்னான். சம்பா அறுத்தாகிவிட்டது. பழைய போர் மேலேயே புதுப் போரும் ஏறிவிட்டது. ஜனவரியில் எல்லாருடைய பதவியும் முடிந்து தனி அலுவலர் வந்துவிட்டார். மூன்று முளைகள் இருக்கின்றன. நாலாவது இன்னும் அடிக்கப்படவில்லை.